விண்கலத்தில் ஒரு கிம்ச்சி ஜாடி

கும்சில் அக்காவின் சலவைக்கடையில் சட்டையைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு.

துவைத்து இஸ்திரி போட்ட சட்டையின் காலரில் பில் குத்தியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு துண்டுச் சீட்டும் இருக்கும். அதில் ஒரு கேள்வி. சுற்றிக்கொண்டே இருக்கிற கப்பலில் டீ ஊற்றினால் நேராக விழுமா, சாய்ந்து விழுமா? விண்வெளியில் அழுதால் கண்ணீர் எங்கே போகும்? பதில் சொன்னால் சட்டை கைக்கு வரும். இல்லாவிட்டால் கம்பியிலேயே தொங்கும்.

வேறு ஊரில் இப்படிச் செய்தால் கடையை மூட வேண்டியதுதான். எங்கள் தெரு தென் கொரியாவில், தேஜோன் நகரத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ராக்கெட் செய்கிறவர், அணுவைக் குடைகிறவர், பூகம்பத்துக்குக் காது வைத்துக் காத்திருக்கிறவர் என்று எல்லோருடைய சட்டையும் அக்காவிடம்தான் வரும். இந்தப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் வேலையைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் வந்த காரியத்தை மறந்துவிடுவார்கள். ராக்கெட் எஞ்சின் வேலை பார்க்கும் போங் டாக்டர் ஒருமுறை மச்சினன் கல்யாணத்துக்குப் போட கோட்டு வாங்க வந்தார். வெளியே காரில் அவர் மனைவி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள்.

“முதலாளியம்மா, இன்னைக்கு மட்டும் விட்டுடுங்க. நேரமாச்சு.”

“ஒரே வார்த்தை டாக்டர். சக்கரம் மாதிரி சுத்துற கப்பல். ஓரத்துல இருக்கறவனுக்கு எடை இருக்கும்னு சொல்லிட்டீங்க. நடு அச்சுல இருக்கறவனுக்கு?”

“எடையே இருக்காதும்மா. ஆனா அச்சுலேருந்து ஒரு எட்டு தள்ளி நின்னா என்ன ஆகும் தெரியுமா...”

அவ்வளவுதான். ஒரு ஹேங்கரை எடுத்துச் சுழற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அவர்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விருந்தில் வெட்டின பழம் மட்டும்தான் மிஞ்சியிருந்ததாம். அந்த அம்மா இன்றுவரை எங்கள் இரண்டு கடைக்கும் வருவதில்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

நான் பக்கத்துக் கடை. பெயர் இன்சுக். முடி வெட்டுவேன், சாயம் பூசுவேன், சுருட்டுவேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவளுடைய துணி காயவைக்கும் டிரையரின் சூட்டில் குளிர்காலத்தில் என் கடைக்கு ஹீட்டர் தேவைப்படாது. அதற்கு வாடகையாக அவள் எழுதுகிற விண்வெளிக் கதையைப் பக்கம் பக்கமாக நான் படித்தாக வேண்டும். விஞ்ஞானம் எனக்கு வேப்பங்காய். காதல் எங்கே, சண்டை எங்கே என்று தேடித் தேடிப் படிப்பேன்.

அவளுக்கு இந்த எழுத்துப் பைத்தியம் பிடித்த கதையும் எனக்குத் தெரியும். அப்போது நானும் அவள் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஒரு தொடர். விண்கலம் வெடிக்கிறது, காது கிழிகிற சத்தம், கதாநாயகன் போய்விட்டான். அக்கா தேம்பித் தேம்பி அழுகிறாள். சட்டை வாங்க வந்த ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார்.

“அங்க காத்தே கிடையாது. சத்தம் எப்படிம்மா கேக்கும்?”

அந்தச் சிரிப்பு அக்காவைத் தூங்க விடவில்லை. தன் அழுகை அவ்வளவு மலிவாகப் போய்விட்டதே என்று அவளுக்கு ஆத்திரம். அடுத்த வாரம் என் கடைக்கு வந்து, ஒரு வாடிக்கைக்காரிக்கு நான் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போதே சபதம் போட்டாள்.

“இந்தத் தெருவுல ஒருத்தர்கூட சிரிக்க முடியாத மாதிரி நான் ஒரு கதை எழுதறேன், பாரு.”

“அக்கா, நீ கடைசியா எழுதினது ‘இன்று கடை விடுமுறை’ங்கற போர்டு.”

“அதுல தப்பு இருந்துச்சா? இல்லல்ல? போடி.”

அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது! பள்ளியோடு படிப்பு முடிந்தவள். சந்தேகம் வந்தால் மூன்று பேரைக் கேட்பாள். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் அப்படியே எழுதுவாள். ஆளுக்கு ஒன்று சொன்னால் இன்னும் சந்தோஷம். “அவங்களே அடிச்சுக்கறாங்கன்னா அந்த இடத்துல என் இஷ்டத்துக்கு எழுதலாம்” என்பாள். மூன்று பேரும் தெரியாது என்று கையை விரித்துவிட்டால் அன்றைக்கு எனக்குப் பொரித்த கோழி வாங்கித் தருவாள். கதைக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டதாம். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே, சட்டைக்கும் சட்டைக்கும் நடுவில், போனில் தட்டித் தட்டி வருஷக்கணக்காக எழுதினாள்.

கதை இதுதான். சக்கரம் போல ஒரு பெரிய கப்பல் பூமியை விட்டுப் போகிறது. இருபது வருஷப் பயணம். கப்பல் தலைவிக்கு அவள் அம்மா கடைசியாக ஒரு மண்ஜாடி நிறைய, முட்டைக்கோசை மிளகாயோடு புளிக்க வைத்துச் செய்யும் கிம்ச்சியைப் போட்டுக் கொடுத்து அனுப்புகிறாள். ஊர் போய்ச் சேருகிற அன்றைக்குத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாள். ஜாடியைச் சக்கரத்தின் நடு அச்சில், எடையே இல்லாத குளிர்ந்த கிடங்கில் கட்டி வைக்கிறார்கள். வழியில் பிள்ளைகள் பிறக்கிறார்கள், பெரியவர்கள் சாகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் புது மண்ணில் இறங்கி, தலைவி ஜாடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போடுகிறாள். நறுக்கென்று கடிபடுகிறது. அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். நான் முதல் தடவை படித்தபோது கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன்.

ஸியோலில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. ரியூ என்கிற எடிட்டர் தம்பி புரூஃப் அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பினால் அச்சுக்குப் போய்விடும். அக்கா தெருவில் நடந்தால் கால் தரையில் படவில்லை.

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தெருவில் கிம்ஜாங். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியை எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் போடுவோம். கடைகளுக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, முதல் நாளே உப்பில் ஊறிய முட்டைக்கோசை மலையாகக் குவித்திருந்தோம். முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, இலைக்கு இலை மிளகாய் விழுதைத் தடவி உள்ளே திணிக்க வேண்டும். ஒரு பக்கம் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் அதைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டித் தின்பதற்காகவே வருகிறவர்கள் பாதிப் பேர். போங் டாக்டர் அந்த ரகம்.

சோல் ஹாரன் என்கிற பெண்ணும் வந்திருந்தாள். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நுண்ணுயிர்களைப் பற்றிப் படிக்கிற டாக்டர். தயிர், சோயா விழுது, கிம்ச்சி இதெல்லாம் எப்படிப் புளிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நான்கு வருஷமாக வெள்ளைக் கோட்டு துவைக்கப் போடுகிறாள். அதிகம் பேசமாட்டாள்.

இறைச்சி வந்தது, அரிசிக் கள்ளும் வந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டதால் அக்கா கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள். நறுக்கென்று கடிபட்ட இடத்தில் கறிக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். போங் டாக்டர் வானத்தைப் பார்த்தார். சோல் டாக்டர் சிரித்துவிட்டாள்.

அடக்கப் பார்த்தாள். கையுறைக் கையால் வாயைப் பொத்தப் போய் முகமெல்லாம் மிளகாய் ஆனதுதான் மிச்சம். சிரிப்பு நிற்கவில்லை.

அக்கா முகம் வெளிறிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த முட்டைக்கோசை எறிந்திருப்பேன்.

“என்ன டாக்டரம்மா சிரிப்பு? எங்க அக்கா எழுதினது அவ்வளவு கேவலமா?”

“ஐயோ, இல்லைங்க. மன்னிச்சுடுங்க. அந்த ஜாடி... அது இருபது வருஷம் அங்க இருக்காது.”

“ஏன் இருக்காது?” என்று அக்கா கேட்டாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

“கிம்ச்சி புளிக்கும்போது வாயு வரும் இல்லையா? இங்கன்னா குமிழி மேல ஏறி வெளிய போயிடும். அங்க மேல் ஏது, கீழ் ஏது? வந்த குமிழி வந்த இடத்துலயே, இலை நடுவுல உக்காந்துக்கும். உள்ள உப்ப உப்ப சாறு எல்லாம் வெளிய தள்ளிட்டு வரும். மூடியை இறுக்கிக் கட்டினா ஜாடி வெடிக்கும். லேசா கட்டினா சாறு கப்பல் பூரா மிதக்கும்.”

முற்றமே அவள்மேல் பாய்ந்தது. கிம்ச்சி விஷயத்தில் எங்கள் ஊரில் யாருக்குத்தான் கருத்து இல்லை?

“மண்ஜாடி மூச்சு விடும், அது தெரியாதா உங்களுக்கு?” என்றார் கறிக்கடைக்காரர்.

“விடும் அண்ணே. ஆனா குமிழி ஜாடிச் சுவர் வரைக்கும் போய்ச் சேரணுமே? தள்ளி விட யாரு இருக்கா?”

“கடும் குளிர்ல வச்சா?” என்றார் போங் டாக்டர்.

“புளிக்கறது மெதுவாகும் சார். நிக்காது. இருபது வருஷம் கழிச்சு நறுக்குனு கடிபடுமா? உங்க வீட்டுல மூணு வருஷக் கிம்ச்சி கடிபடுதா, சொல்லுங்க.”

போங் டாக்டர் இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்தார். அக்கா மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டாக்டரம்மா.”

“நீங்க கேக்கவே இல்லையே!” சோல் டாக்டரின் முகம் சிவந்தது. மிளகாயால் மட்டும் இல்லை. “நாலு வருஷமா வர்றேன். எல்லார் சட்டையிலயும் சீட்டு குத்தறீங்க. என் கோட்டுல ஒரு நாள்கூட குத்தினதில்லை. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்கன்னு நான் நெனச்சுட்டேன்.”

“அப்படி இல்லம்மா. நீங்க கிம்ச்சிக்காரங்க. கிம்ச்சி எனக்குத் தெரியாதான்னு நெனச்சேன்.”

கப்பலின் ஒவ்வொரு ஆணிக்கும் மூன்று பேரைக் கேட்டவள், ஜாடிக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து தின்கிற பண்டத்தைப் பற்றி யாரைப் போய்க் கேட்பது? எங்களில் யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருப்போம். வேறு தேசத்துக்காரி எழுதியிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

எல்லோரும் தங்கள் பங்கு கிம்ச்சியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“விட்டுத் தொலை அக்கா. படிக்கறவங்க எல்லாம் நம்மள மாதிரிதான். ஒருத்தர்கூட கண்டுபிடிக்க மாட்டாங்க.”

“ஒருத்தி கண்டுபிடிச்சாச்சே.”

“அவ ஒருத்திக்காக புத்தகத்தையே நிறுத்துவியா?”

“அன்னைக்கு டிவி பாத்தும் ஒருத்தர்தாண்டி சிரிச்சாரு” என்றாள்.

மறுநாள் எடிட்டர் தம்பியிடம் என் கடையிலிருந்துதான் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டதால் தலையில் சுருள்குழல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் கேட்டார்கள்.

“ரைட்டரம்மா, கடைசி அத்தியாயம் படிச்சுட்டு எங்க ஆபீஸே அழுதுச்சு. அதையா மாத்தணும்ங்கறீங்க?”

“தப்பா இருக்கு தம்பி. தப்புக்கு அழுதா அது கணக்குல வராது.”

“வெள்ளிக்கிழமை தாண்டினா அச்சகத்துல நம்ம இடம் வேற புத்தகத்துக்குப் போயிடும்மா. அடுத்த வருஷப் பட்டியல் நிரம்பிடுச்சு. அப்புறம் வருமா, வராதான்னே என்னால சொல்ல முடியாது.”

“வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கே. ஏன் இப்பவே அழறீங்க?” என்று சொல்லி போனை வைத்தாள்.

ஜாடி போனால் முடிவே இல்லை. முடிவு இல்லாவிட்டால் கதை இல்லை. புதிதாக ஒன்றை யோசிக்க வேண்டும், அதுவும் சோல் டாக்டர் சிரிக்காத மாதிரி. வேறு யாராவது இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் கிம்ஜாங் பங்கிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை நிரப்பி மூடியை லேசாகத் திருகினாள். பெரிய டிரையருக்குள் தன் வீட்டு ரஜாய்ப் போர்வைகளைத் திணித்து, நட்டநடுவில் ஜாடியைச் செருகினாள். சூட்டை அணைத்துவிட்டு மிக மெதுவாகச் சுற்ற விட்டாள்.

சோல் டாக்டர் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

“முதலாளியம்மா, இது எடையில்லாத இடம் ஆகாது. மேல் கீழ்தான் மாறிக்கிட்டே இருக்கும்.”

“குமிழிக்கு வழி தெரியாம போகுமா, போகாதா?”

“கொஞ்சம் குழம்பும்.”

“எனக்கு அது போதும்.”

சலவைக்கடைச் சூடு கிம்ச்சிக்குக் கொண்டாட்டம். மறுநாள் மத்தியானம் நான் ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மூடி பிய்ந்து, ரஜாய் எல்லாம் சிவப்பு. கதவின் இடுக்கில் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. டிரையரின் சுவரில் இருந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் பூண்டும் மீன்சாறும் புகுந்திருந்தன. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். என் வாடிக்கைக்காரி ஈரத் தலையோடு வெளியே ஓடிவிட்டாள்.

அக்கா துடைத்தாள், கழுவினாள், வெந்நீர் ஊற்றினாள். நாற்றம் அசையவில்லை. சாயங்காலம் நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உதவிக்குப் போனபோது அவள் டிரையருக்குள் தலையை விட்டபடி நின்றிருந்தாள்.

“இன்சுக், உனக்கு இன்னும் அடிக்குதா?”

“தெருமுனை வரைக்கும் அடிக்குது.”

“எனக்கு அடிக்கலைடி. மத்தியானம் அடிச்சுது. இப்ப ஒண்ணுமே தெரியலை.”

தலையை வெளியே எடுத்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். பொரித்த கோழி வாங்கித் தருகிற நாட்களில் வருகிற முகம்.

மறுநாள் சோல் டாக்டர் கோட்டு வாங்க வந்தாள். அந்த டிரையரில்தான் காய்ந்தது, ஆகவே கிம்ச்சி வாடையோடுதான் இருந்தது. அவள் கையை நீட்டினாள். அக்கா கோட்டைக் கொடுக்கவில்லை. காலரில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. சோல் டாக்டர் அந்தச் சீட்டை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு படித்தாள்.

“ஒரு வாசனைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாசனை தெரியுமா?”

“பெரும்பாலும் தெரியாது” என்றாள். “எப்பவும் இருக்கறதை மூக்கு கணக்குல எடுக்காது. அது இல்லாம போற அன்னைக்குத்தான் ஏதோ குறையுதுன்னு தெரியும்.”

“சாறு மிதந்தா எங்க போகும்?”

“காத்து எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம். சுத்தம் பண்ற வடிகட்டிக்குப் போகும். அங்கேருந்து வாடை கப்பல் முழுக்கப் போகும்.”

“எதுல ரொம்ப நாள் தங்கும்?”

சோல் டாக்டர் யோசித்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்.

“முடியில” என்றேன். “எத்தனை தலை அலசியிருக்கேன்! ராத்திரி என்ன தின்னாங்க, எங்க இருந்தாங்கன்னு முடி சொல்லிடும்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். “பாத்தீங்களா டாக்டரம்மா? விஞ்ஞானமே பிடிக்காதாம் இவளுக்கு” என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோட்டு சோல் டாக்டர் கைக்குப் போனது.

அதற்கப்புறம் அக்கா கடையைத் திறந்தே வைத்திருந்தாள், ஆனால் ஒரு துணியையும் வாங்காமல் போனில் தட்டிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து, காலியாக இருந்த நாற்காலியில் சோல் டாக்டரை உட்கார வைத்து போனை அவள் கையில் கொடுத்தாள். போங் டாக்டரும் முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் வந்துவிட்டார். நான் கண்ணாடியில் சோல் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை. என் சீப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புது முடிவு எனக்கு முன்பே தெரியும். கப்பல் கிளம்பின வருஷத்திலேயே ஜாடி கசிந்துவிடுகிறது. கிடங்கெல்லாம் சிவப்புத் துளிகள். துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், திட்டித் தீர்த்து, பிறகு எல்லோருடைய மூக்கும் மறந்துவிடுகிறது. புது மண்ணில் இறங்கின அன்று தலைவி ஜாடியைத் திறக்கிறாள். அடியில் கொஞ்சம் கூழ், அவ்வளவுதான். அதே நேரம் கதவைத் திறந்து வெளியே ஓடின குழந்தை ஒன்று பயந்துபோய்த் திரும்பி வருகிறது. இங்கே காற்று ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டு அழுகிறது. குழந்தை சொன்னது தலைவிக்குப் புரியவில்லை. வெளியே நின்று சுத்தமான காற்றை மூச்சு நிறைய இழுத்த பிறகு, சமாதானப்படுத்தக் குனிந்து அதன் தலைமுடியில் முகத்தை வைக்கிறாள். அம்மா அங்கே இருந்தாள்.

சோல் டாக்டர் கடைசிவரை படித்தாள். சிரிக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, போர்த்தியிருந்த துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள்.

“தப்பு எதாவது?” என்றாள் அக்கா.

சோல் டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினாள். போங் டாக்டர் எட்டிப் போனை எடுக்கப் பார்க்க, நான் கத்தரிக்கோலால் அவர் கையில் ஒரு தட்டு தட்டினேன். “புத்தகமா வரும், காசு குடுத்து வாங்கிப் படிங்க சார்.” அக்கா அங்கேயே நின்று ரியூ தம்பிக்கு அனுப்பினாள். உடனே போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. முதலில் சோல் டாக்டரைப் பார்த்தாள்.

“உங்க கோட்டைக் குடுத்துட்டுப் போங்கம்மா. அந்த வாடை போக நல்லா அலசித் தர்றேன். காசு வேண்டாம்.”

சோல் டாக்டர் கையில் வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டாள். காலரைத் தூக்கி மூக்குவரை மூடிக்கொண்டாள்.

“அலச வேண்டாம்” என்றாள். “அப்படியே இருக்கட்டும்.”